வரைந்தவரின் பொறுப்பு: ஷோனெஃபெல்ட் முனையமும் மைன்ஹார்ட் ஃபான் கெர்கானும்

பெர்லின் மாநகரின் தெற்கு எல்லையை ஒட்டி, பிராண்டன்பர்க் மாநிலத்தில் இருக்கிறது ஷோனெஃபெல்ட். இந்தச் சிற்றூரின் பெயரை உலகம் அறிந்தது ஒரு திறப்பு விழா நடக்காமல் போனதால்தான். பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறக்கப்படும் என்று நாள் குறித்தார்கள். நான்கு வாரம்கூட மீதமில்லாத நிலையில், மே 8 அன்று விழா கைவிடப்பட்டது. முனையம் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று. அந்த எட்டாண்டுக் கேலியின் நிழல், கட்டடத்தை வரைந்தவர்களில் முதன்மையானவரான மைன்ஹார்ட் ஃபான் கெர்கான் மீதும் விழுந்தது. அவரை நினைவுகூரும்போது பலரும் இந்தத் தாமதத்தை மெல்லத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. பொதுக் கட்டடத்தை வரைந்தவருக்கு அதன் மீது எவ்வளவு உரிமை, எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வியை அவர் வாழ்நாள் முழுவதும் எழுப்பினார். அந்தக் கேள்வி மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் ஷோனெஃபெல்ட். ஆகவே அவரை அளக்கவும் இதுவே உரிய இடம்.

கெர்கான் 1935 ஜனவரி 3 அன்று லாத்வியாவின் ரீகாவில், பால்டிக் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தார். போர் தந்தையைக் கொண்டுபோனது. போர் முடிந்த ஆண்டில் தாயும் மறைந்தார். ஹாம்பர்க்கில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்து, பெர்லினிலும் பிரவுன்ஷ்வைக்கிலும் கட்டடக்கலை பயின்றார். 1965-இல் உடன்பயின்ற ஃபோல்க்வின் மார்குடன் சேர்ந்து ஜிஎம்பி நிறுவனத்தைத் தொடங்கினார். சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெரிய கட்டடமும் கட்டியிராத அந்த இளைஞர்கள், மேற்கு பெர்லினின் டேகல் விமான நிலையத்துக்கான போட்டியில் வென்றார்கள். பின்னாளில் அதே நிறுவனம் சீனத்திலும் வியட்நாமிலும் நகரங்களையும் நாடாளுமன்றத்தையும் அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தது. ஆனால் கெர்கானின் சிந்தனையைப் புரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டேகலையும் ஷோனெஃபெல்டையும் அருகருகே வைத்தாலே போதும்.

கட்டடக் கலைஞர் க்ளாவுஸ் நிக்கெல்ஸும் இணைந்து உருவாக்கிய டேகல் 1974-இல் திறந்தது. அதன் முனையம் ஓர் அறுகோண வளையம். வளையத்தின் உட்புறத்துக்குள் கார்களும் டாக்சிகளும் நேரே வந்தன. வெளிப்புறத்தில் விமானங்கள் அணைந்து நின்றன. வண்டியில் வந்தவர் தம் விமானத்துக்குரிய வாயிலின் எதிரிலேயே இறங்கினார். சில பத்து மீட்டர் நடந்தால் விமானம். பெட்டியைக் கொடுப்பதும் சோதனையும் அந்தந்த வாயிலிலேயே முடிந்தன. பெரிய கூடமோ நீண்ட நடைவழியோ வரிசைகளோ இருக்கவில்லை. அவசரத்திலும் கவலையிலும் இருக்கும் பயணி யாரையும் கேட்காமல் வழி கண்டுகொள்ள வேண்டும். தன்னால் முடிகிறது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். கெர்கான் கட்டடக்கலைக்கு விதித்த முதல் கடமை இதுதான். அழகு அந்தக் கடமையிலிருந்து பிறக்க வேண்டும் என்று அவர் கருதினார். மேலே பூசப்படும் அழகில் அவருக்கு நாட்டமில்லை. ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தில் மரங்களைப் போலக் கிளைவிட்டுக் கூரையைத் தாங்கும் எஃகுத் தூண்கள்கூடப் பாரம் இறங்கும் வழியைக் கண்ணுக்குக் காட்டுகிறவைதான்.

டேகலின் அமைப்பு காலத்துக்கு நிற்கவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் பாதி உண்மை. விமானக் கடத்தல்களுக்குப் பிறகு பாதுகாப்புச் சோதனை பெருகியது; ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனிச் சோதனைக் கருவியும் ஆட்களும் வைப்பது பெருஞ்செலவு. திட்டமிட்ட இரண்டாவது அறுகோணம் கட்டப்படவே இல்லை. ஆயினும் 2019-இல் ஏறத்தாழ 2.4 கோடிப் பயணிகளை அந்த ஒற்றை வளையமும் அதை ஒட்டி எழுப்பிய கொட்டகைகளும் சேர்ந்து சுமந்தன. அதே ஆண்டில் டேகல் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடமாகவும் அறிவிக்கப்பட்டது. இந்த மறுப்புக்கு மிகச் சரியான விடையைச் சொன்னவர் கெர்கானே. ஷோனெஃபெல்டில் அவரும் அவருடைய குழுவினரும் டேகலைத் தலைகீழாக்கினார்கள். வாயில்தோறும் சிதறிக் கிடந்த பணிகள் ஒரே பெரும் கூரையின் கீழ் வந்தன. ரயில் நிலையம் முனையத்துக்கு நேர் கீழே அமைந்தது. ரயிலிலிருந்து இறங்கியவர் மேலே ஏறினால் புறப்பாட்டுக் கூடம், அதைக் கடந்தால் சோதனை, அதற்கப்பால் 715 மீட்டர் நீளும் விமானக் கூடம். இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே எல்லாமே ஓர் அச்சில் நிற்கின்றன. வடிவம் முற்றிலும் வேறு, கொள்கை அதே கொள்கை. தாம் புகழ்பெற்ற தீர்வையே, சூழ்நிலை மாறியதும், கைவிடத் துணிந்தவரை வடிவத்தின் மீது பித்துக்கொண்டவர் என்று சொல்வது நியாயமாகாது.

அப்படியானால் தாம் வரைந்த பெர்லின் மத்திய ரயில் நிலையத்துக்காக அவர் நீதிமன்றம் போனது ஏன்? 2006 மே மாதம் திறந்த அந்த நிலையத்தின் கண்ணாடிக் கூரையை, காலக்கெடுவைக் காரணம் காட்டி, ஏறக்குறைய 430 மீட்டரிலிருந்து 321 மீட்டராக ரயில்வே குறைத்துவிட்டது. நிலத்தடித் தளத்துக்கு அவர் வரைந்த வளைவு விதானத்தையும் தவிர்த்து, வேறொருவர் வரைந்த தட்டையான விதானத்தை மாட்டியது. விதானத்துக்காக கெர்கான் வழக்குத் தொடுத்தார். 2006 நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2008-இல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. தட்டை விதானம் அப்படியே இருக்கிறது. பொதுப் பணத்தில் கட்டிய நிலையத்தை ஒரு தனிமனிதர் தம் ஓவியத்தைப் போலப் பாவிக்கலாமா என்று அன்றே பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த வழக்கில் பணம் முக்கியமல்ல. மாற்றம் வேண்டுமென்றால் வரைந்தவரிடம் சொல்லி, அவருடைய கையால் மாற்று என்பதே அவருடைய வாதம். கட்டடத்தில் ஒரு பகுதியை மாற்றினால் மற்ற பகுதிகளும் அசையும் என்பதை அறிந்தவரின் வாதம் அது. அதன் முழு எடை ஷோனெஃபெல்டில்தான் தெரிந்தது.

அங்கே அவருக்கு எதிரான மிகக் கனமான குற்றச்சாட்டு புகை வெளியேற்றம் பற்றியது. சூடான புகை இயல்பாக மேலே எழும். முனையத்தின் கூரையில் புகைபோக்கிகள் துருத்தி நிற்கக் கூடாது என்பதற்காக, புகையின் ஒரு பகுதியைக் கீழ்நோக்கி இழுத்துத் தரைக்கடியில் உள்ள குழாய்கள் வழியே வெளியேற்றும்படி அமைத்தார்கள். இயற்கையை எதிர்த்து இயங்கும் இந்த அமைப்பில் பெரும் விசிறிகளும், நுட்பமான தானியங்கிக் கட்டுப்பாடும், ஆயிரக்கணக்கான கதவுகளும் அடைப்பு மடல்களும் தவறாமல் ஒத்துழைக்க வேண்டியிருந்தது. அது நடக்கவில்லை. திறப்பு நெருங்கியபோது நூற்றுக்கணக்கான ஆட்களை நிறுத்திக் கதவுகளைக் கையால் திறக்கலாம் என்றுகூட யோசித்தார்கள். அனுமதி அளிக்கும் அதிகாரிகள் ஏற்கவில்லை. இந்தப் பழியில் கட்டடக் கலைஞருக்குப் பங்கில்லை என்று வாதாடுவது அவருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல, உண்மையும் அல்ல. கூரையின் தூய்மைக்காகப் பாதுகாப்பைச் சிக்கலாக்கிய முடிவு, பயணியின் எளிமையை முதலில் வைத்த அவருடைய சொந்தக் கொள்கைக்கே முரணானது.

ஆனால் அந்த ஒரு முடிவு எட்டாண்டுத் தாமதத்தை விளக்கிவிடாது. பெர்லின், பிராண்டன்பர்க், ஜெர்மன் மத்திய அரசு ஆகிய மூன்றுக்கும் சொந்தமான விமான நிலைய நிறுவனம், மொத்த ஒப்பந்தத்துக்கு வந்த விலைகள் மிக அதிகம் என்று 2007-இல் அவற்றைத் தள்ளிவிட்டு, வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தது. கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே பயணிகள் எண்ணிக்கைக்கேற்பவும் கடைகளின் வருவாய்க்காகவும் பரப்பு கூடிக்கொண்டே போனது. பரப்பு கூடியபோதெல்லாம் புகைக்கான கணக்கும் கேபிள்களின் பாதையும் மாறின. பிறகு 2012 மே மாதம், வரைபடங்களை முழுதாக அறிந்திருந்த திட்டமிடல் குழுவையே நிறுவனம் நீக்கியது. கட்டடத்தின் நினைவு அன்றைக்கே வெளியே போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் முதலில் எது எங்கே ஓடுகிறது என்பதைக் கண்டறிய வேண்டியிருந்தது. புகை அமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 2013-இல் வெளியிட்ட ‘பிளாக் பாக்ஸ் பிஇஆர்’ என்ற நூலில் கெர்கான் தம் தரப்பைச் சொன்னார். அது தற்காப்பு நூல்தான். அவர் தம் பங்கைக் குறைத்தே சொல்கிறார் என்று வாசகர் நினைக்கலாம். எனினும் மாற்றங்களை ஆணையிட்டவர்கள் பதில் சொல்லும் இடத்தில் இல்லை, வரைந்தவர் மட்டும் இருக்கிறார் என்ற அவருடைய அடிப்படைப் புகாரை நிகழ்ந்தவை மறுக்கவில்லை.

இது தமிழ் வாசகருக்குத் தொலைவான விவகாரம் அல்ல. சென்னை விமான நிலையத்தின் புதிய முனையங்களில் கண்ணாடிப் பலகைகள் பலமுறை விழுந்தபோது, வரைந்தவரா, கட்டியவரா, பராமரித்தவரா, யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பொதுமக்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஷோனெஃபெல்டுக்காக டீப்பன்சே என்ற ஊர் முழுவதும் இடம்பெயர்க்கப்பட்டது. பரந்தூரில் திட்டமிடப்பட்டுள்ள விமான நிலையத்துக்காகத் தங்கள் நிலத்தை இழக்க நேரும் ஏகனாபுரம் மக்கள் போராடிவருகிறார்கள். அவ்வளவு பெரிய விலை கொடுத்து எழும் கட்டடத்தில் யார் எதை முடிவு செய்தார் என்பதாவது பதிவாக வேண்டாமா? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டியவரின் பெயரை மன்னனின் கோயிலிலேயே பொறித்து வைத்திருக்கிறது. இன்று நம் அரசுக் கட்டடங்களின் அடிக்கல்லிலும் திறப்புக் கல்லிலும் அமைச்சர்கள், ஆட்சியர்கள் பெயர்கள் இருக்கும். வரைந்தவரின் பெயரை அநேகமாகக் காண முடியாது.

கெர்கான் 2022 நவம்பர் 30 அன்று ஹாம்பர்க்கில் காலமானார். அவருக்கு மரியாதை செய்ய விரும்பும் நம் பொறியாளர்களும் பொதுப்பணித் துறையினரும் ஒரு வேலையைச் செய்யலாம்: இனி எழும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்திலும் வரைந்தவரின் பெயரைப் பொறியுங்கள்; வரைபடத்தை மாற்றச் சொன்னவர் யார், எப்போது, ஏன் என்பதையும் எழுதி, யார் கேட்டாலும் காட்டும்படி வையுங்கள்.