பிளீச்சிங் பவுடரின் கதை

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையெல்லாம் பாசி. வழுக்கி விழுந்தால் இந்த வயதில் இடுப்பு எலும்பு தேறாது என்று பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தேன். உடனே போகவில்லை. சைக்கிள்காரரிடம் வாங்கி வைத்திருந்த ஆசிட்டை அதன் மேலேயே ஊற்றினேன். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு வேலை செய்யும் என்று என் கணக்கு.

நுரைத்துக்கொண்டு ஒரு நெடி எழுந்தது. மூச்சு அடைத்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. என் மனைவிதான் உள்ளே வந்து என்னை வெளியே இழுத்தாள். அவளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. நான் இரண்டு நாளில் தேறிவிட்டேன். அவளுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

"வீட்டிலேயே குளோரின் தயார் பண்ணியிருக்கீங்க சார்" என்றார் டாக்டர். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்ததில் அது உண்மை என்று தெரிந்தது.

1774-ல் ஸ்வீடனில் ஷீலே என்ற மருந்துக்கடைக்காரர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு மாங்கனீஸ் தாதுவோடு சேர்த்துச் சூடாக்கினார். மஞ்சளும் பச்சையும் கலந்த வாயு வந்தது. அது பட்ட பூவும் இலையும் வெளுத்தன. அதற்குக் குளோரின் என்று 1810-ல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. நம் தெருவில் விற்கிற ஆசிட்டும் பெரும்பாலும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், தண்ணீர் கலந்தது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் துணி வெளுக்க மாதக்கணக்காகும். சாம்பல் காரத்தில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்து, வெயிலில் காயப்போட வேண்டும். பிரான்சில் பெர்தொலே இந்த வாயுவால் துணியை வெளுக்கலாம் என்று காட்டினார். ஆனால் வாயுவை மூட்டை கட்டி விற்க முடியுமா? ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் அதற்கு வழி கண்டார். நீற்றிய சுண்ணாம்பில் குளோரினைச் செலுத்தி, அதைப் பொடிக்குள் அடைத்துவிட்டார். 1799-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் பிளீச்சிங் பவுடர்.

1847-ல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், இந்தக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். பிரசவக் காய்ச்சலில் சாகும் தாய்மார்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

அதே வாயுவின் இன்னொரு முகம் 1915 ஏப்ரல் 22 அன்று தெரிந்தது. பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மன் படை அதைச் சிலிண்டர்களிலிருந்து எதிரிப் படைமீது திறந்துவிட்டது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானதால் அது தரையோடு தவழ்ந்து பதுங்கு குழிகளுக்குள் இறங்கியது. என் குளியலறையில் நானும் தரையில் குந்தியல்லவா உட்கார்ந்திருந்தேன்!

டென்னன்ட் சுண்ணாம்பில் பூட்டி வைத்ததை ஆசிட் திறந்துவிடுகிறது. விஷயம் அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலமே. அவற்றையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது. அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்த்தால் வேறொரு நச்சு வாயு வரும். தவறிக் கலந்துவிட்டால் சுத்தம் செய்யப் பார்க்காதீர்கள். முதலில் வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள். கண்ணில் எரிச்சல் இருந்தால் தண்ணீர் விட்டு நன்றாக அலம்பி, டாக்டரிடம் போங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஆசிட் வாங்குவதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் மட்டும் கரைத்து ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்க்கிறேன். பாசி போய்விடுகிறது. அன்றைக்கும் போயிருக்கும், எனக்குத்தான் பொறுமை இல்லை.