சார்ந்துள்ள பிள்ளைகளின் வருமான வரி (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு வரிச் சட்டப்படி, பெற்றோர் தம் வரி அறிக்கையில் தம்மைச் சார்ந்தவராகக் காட்டும் பிள்ளையும் தனி வரிசெலுத்துநரே ஆவார். பிள்ளை உழைத்துப் பெறும் ஊதியம், பெற்றோர் கைக்குச் சென்றாலும், பிள்ளையின் வருமானமாகவே கொள்ளப்படும். அறிக்கை அளிக்கும் கடமை வயதைப் பொறுத்ததன்று. வருமானத்தின் அளவையும் வகையையும் பொறுத்தது. சிறு பிள்ளையால் கையொப்பமிட இயலாவிடில் பெற்றோர் பிள்ளைக்காகக் கையொப்பமிடலாம்.

எப்போது அளிக்க வேண்டும்

சட்டம் வருமானத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஊதியம் முதலியவை ஈட்டிய வருமானம். வட்டி, பங்காதாயம், மூலதன ஆதாயம் போன்றவை ஈட்டா வருமானம். மணமாகாத பிள்ளைக்கு 2025ஆம் வரி ஆண்டின் வரம்பு முன்னதற்கு 15,750 டாலர், பின்னதற்கு 1,350 டாலர். இவற்றுள் ஒன்றைத் தாண்டினாலும் அறிக்கை அளிக்க வேண்டும்.

இரண்டும் கலந்து வரும்போதுதான் பலர் தவறுகின்றனர். அப்போது மொத்த வருமானம், 1,350 டாலர் அல்லது ஈட்டிய வருமானத்துடன் 450 டாலர் சேர்த்த தொகை (உச்சம் 15,750), இவற்றுள் பெரியதை மிஞ்சக்கூடாது. எடுத்துக்காட்டாக, கோடை விடுமுறையில் 3,000 டாலர் ஊதியமும் வங்கி வட்டியாக 500 டாலரும் பெற்ற மாணவரின் வரம்பு 3,450. மொத்த வருமானமோ 3,500. தனித்தனி வரம்புகள் எதையும் தாண்டாத போதிலும் அவர் அறிக்கை அளித்தாக வேண்டும். வரி என்னவோ சில டாலர்தான்.

சுயதொழிலில் நிகர வருவாய் 400 டாலரை எட்டினாலே அறிக்கை தேவை. வருமான வரி இல்லாவிடினும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் ஆகியவற்றுக்கான சுயதொழில் வரி உண்டு. மாறாக, வரம்புக்குக் கீழிருப்பவரின் ஊதியத்தில் வரி பிடிக்கப்பட்டிருந்தால், அறிக்கை அளித்தால் மட்டுமே அப்பணம் திரும்பக் கிடைக்கும்.

கிட்டி டாக்ஸ்

செல்வந்தர்கள் தம் முதலீடுகளைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றிக் குறைந்த வரி செலுத்துவதைத் தடுக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதியைக் கொண்டுவந்தது. இதன்படி பிள்ளையின் ஈட்டா வருமானத்தில் குறித்த அளவுக்கு (2025இல் 2,700 டாலர்) மேற்பட்ட பகுதிக்குப் பெற்றோரின் வரி வீதம் பொருந்தும். இதற்குப் படிவம் 8615 பயன்படுகிறது. தொடக்கத்தில் 14 வயதுக்கு உட்பட்டோருக்கே இருந்த விதி, 2006இல் 18 வயதுக்கு உட்பட்டோருக்கும், 2008 முதல் சில நிபந்தனைகளுடன் 24 வயதுக்கு உட்பட்ட முழுநேர மாணவர்களுக்கும் விரிந்தது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரின் வீதத்துக்குப் பதிலாக அறக்கட்டளைகளுக்குரிய வீதத்தைப் புகுத்தியது. அதில் 2018இல் 12,500 டாலருக்கு மேல் 37 விழுக்காடு வரி. இதில் எதிர்பாராமல் சிக்கியவர்கள் பணியில் உயிரிழந்த படைவீரர்களின் பிள்ளைகள். துணைவர் இருவகை உதவித்தொகையைப் பெற்றால் ஒன்றிலிருந்து மற்றது கழிக்கப்பட்டதால், பல குடும்பங்கள் ஒன்றைப் பிள்ளையின் பெயரில் பெற்றுவந்தன. அது ஈட்டா வருமானமாகக் கணக்கிடப்பட்டதால், செல்வந்தரைக் குறிவைத்த விதி தந்தையையோ தாயையோ இழந்த பிள்ளைகள் மீது விழுந்தது. 2019 திசம்பரில் இம்மாற்றம் நீக்கப்பட்டது. 2018க்குச் செலுத்திய கூடுதல் வரியைத் திருத்திய அறிக்கை மூலம் திரும்பப் பெறவும் வழிசெய்யப்பட்டது.

பெற்றோர் அறிக்கையில் சேர்த்தல்

பிள்ளையின் வருமானம் வட்டியும் பங்காதாயமும் மட்டுமாக இருந்து, 2025இல் 13,500 டாலருக்குக் குறைவாகவும் இருந்தால், படிவம் 8814 மூலம் பெற்றோர் அதனைத் தம் அறிக்கையிலேயே காட்டலாம். ஒரு டாலர் ஊதியம் இருந்தாலும் இவ்வழி இல்லை.