மேடை ஒயர் மெலிந்த கதை

எங்க பெருந்துறைப் பக்கம் நோம்பிக் கச்சேரியில் மேடையிலிருந்து மிக்சர் வரை பாம்பு போல ஒரு தடித்த ஒயர் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். மல்டிகோர் என்பார்கள். 32 மைக் என்றால் உள்ளே 32 ஜோடிக் கம்பி. சுருட்டித் தூக்க ரெண்டு ஆள் வேண்டும். மைக்கிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட், பக்கத்தில் சீரியல் செட் ஒயர் ஓடினால் "உம்ம்ம்" இலவசம் :-)

1996-ல் அமெரிக்காவின் பீக் ஆடியோ, கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஈதர்நெட் ஒயரிலேயே ஒலியை அனுப்பியது. பெயர் கோப்ராநெட். (பாம்பை ஒழிக்க வந்ததுக்கும் பாம்புப் பெயர்!) 2006-ல் சிட்னியில் தொடங்கிய ஆடினேட், டான்டேயைக் கொண்டு வந்தது. சின்ன சவுண்டு சர்வீஸ்காரரும் நினைத்துப் பார்க்கும் விலைக்கு விஷயம் இறங்கியது 2012-ல், பெஹ்ரிங்கர் எக்ஸ்32 மிக்சரோடு.

மேடையிலேயே ஒரு பெட்டி, ஒலியை எண்களாக்கிவிடும். காமர்ஸ்காரன் கணக்கு இதோ: விநாடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொன்றையும் 24 பிட்டில் எழுதினால் ஒரு மைக்குக்கு 11,52,000 பிட். 32 மைக்கும் சேர்ந்து 3.7 கோடிகூட வராது. கேட்-5 ஒயரில் விநாடிக்கு 10 கோடி தாராளமாகப் போகும்.

ஆனால் ஒன்று. மல்டிகோரில் ஒரு ஜோடி அறுந்தால் தபேலா மைக் மட்டும் போகும். காலியாக இருக்கும் வேறு லைனில் மாற்றிச் செருகிச் சமாளிக்கலாம். ஒற்றை கேட்-5 மேல் டிராக்டர் ஏறினால் மொத்த மேடையும் ஊமை! டான்டே கருவிகள் பலவற்றில் இரண்டாவது ஒயருக்கும் இடம் வைத்திருப்பது இதற்காகத்தான்.

போன நோம்பிக்கு வந்த செட்டுக்காரர் மேடைக்கு கேட்-5 தான் இழுத்தார். பழைய மல்டிகோர் வேனுக்குள் சுருட்டியபடி தயாராக இருந்தது.