காட்டுச்சேவலின் கழுத்திறகு

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டி, அதைப் பூச்சி என்றோ குஞ்சு மீன் என்றோ மீனை நம்பவைப்பது மிகப் பழைய தந்திரம். மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளி நூலோடு மெழுகு நிறச் சேவல் இறகுகளைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்ததை ரோமானிய எழுத்தாளர் ஏலியன் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்தால் அதே கட்டு ‘ஜிக்’ ஆகிறது. ஈயம் அடிக்கு இழுக்கும், கை மேலே சுண்டும், இடையில் இறகு விரிந்து சுருங்கும். மலேசியக் கரையோரங்களில் ‘அப்போலோ’ என்று கேட்டு வாங்கும் பல முள் கொண்ட கண்ணியும் இதே குடும்பம்தான்.

இந்தக் கைவேலைக்குத் தமிழகக் காடுகள் கொடுத்த பொருள் ஒன்று உண்டு: சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. தென்னிந்திய மலைக்காடுகள் இக்கோழியின் முக்கிய இருப்பிடம். 1770களில் இந்தியாவில் சுற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னேராவின் பெயரை 1813-இல் டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க் இதற்குச் சூட்டினார். இதன் கழுத்திறகில் தண்டு ஆங்காங்கே தட்டையாகி, மெழுகுப் பளபளப்புள்ள வெண்மஞ்சள் புள்ளிகளாக மாறுகிறது. முள்ளின் தலைக்கு இரு பக்கமும் ஒவ்வோர் இறகைக் கட்டினால் மீன்குஞ்சின் கண் தயார். மலேசியாவின் தங்காக் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் திரியும் சிவப்புக் காட்டுக்கோழியிடம் இந்தப் புள்ளி கிடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஆடம்பர ‘ஈ’க்களில் (பூச்சிபோல் இறகு கட்டிய தூண்டில் முட்களில்) இந்த இறகு ஏறக்குறைய கட்டாயமாயிற்று. ஜார்ஜ் கெல்சன் 1895-இல் வெளியிட்ட கையேட்டில் அது திரும்பத் திரும்ப வருகிறது. மீன் அதைக் கண்டுதான் கடிக்கிறதா என்பது வேறு கேள்வி. கட்டுபவரின் கண் மயங்கியது மட்டும் உறுதி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண், பிடிப்புக் கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே வெறுங்கையால் இறகு கட்டிப் பேர் வாங்கினார். 1924-இல் அவர் தாமே கட்டிய ஈயில் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்ரௌட் சிக்கியது. அவருடைய புகழ்பெற்ற ‘கிரே கோஸ்ட்’ ஈயின் கன்னத்திலும் இருப்பது நம் காட்டுச்சேவலின் இறகே.

அந்தச் சேவல் கூவும் நீலகிரியிலேயே ஆங்கிலேயர் தூண்டிலும் போட்டனர். ட்ரௌட்டை அங்கே குடியேற்ற மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-இல் முயன்று தோற்றார். 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்த பிறகே, எச். சி. வில்சனின் முயற்சியால் அம்மீன் மலை ஓடைகளில் நிலைத்தது. சென்னை மாகாண அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873-லேயே இந்தியத் தூண்டில் கலையைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதிவிட்டார்.

இறகு வணிகத்தின் மறுபக்கம் அழகானதல்ல. கழுத்துத் தோலுக்காகச் சேவல்கள் வேட்டையாடப்பட்டன. பெண்களின் தொப்பிகளுக்கு இறகு தேவைப்பட்ட காலம் அது. பறவைகள் அழிவதைக் கண்ட இந்திய அரசு 1902-இல் காட்டுப்பறவை இறகுகளின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கடத்தல் தொடர்ந்தது. பிரிட்டன் 1921-இல் இறக்குமதியைத் தடுத்தது. அமெரிக்காவோ 1952-இல் தூண்டில் ஈ கட்டுவோருக்கென்றே ஆண்டுக்கு 5,000 சாம்பல் காட்டுக்கோழித் தோல்கள் வரை அனுமதித்தது. தொப்பியைக் கண்டித்தவர்கள் தூண்டிலுக்கு வழிவிட்டது விந்தைதான்.

இன்று வீட்டில் ஈயும் ஜிக்கும் கட்டுவோருக்குப் பெரும்பாலும் பண்ணைக்கோழி, வான்கோழி இறகுகளே போதுகின்றன. கண்ணுக்கு நெகிழித் துண்டையோ சாயப்புள்ளி வைத்த சாதாரண இறகையோ ஒட்டுகிறார்கள். அசல்தான் வேண்டுமென்பவர்களுக்காக மேல்நாடுகளில் இந்தக் கோழியைக் கூண்டில் வளர்த்து விற்கிறார்கள். தமிழகக் காட்டில் அதை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.