வைட்சேப்பலுக்குக் குடிவந்த மாணவர்கள்

1873-ல் சாமுவேல் பார்னெட் என்ற இளம் பாதிரியார், கிழக்கு லண்டனின் வைட்சேப்பலுக்குப் பங்குப் பொறுப்பேற்று வந்தார். உடன் வந்தவர் அதே ஆண்டு மணந்த ஹென்ரியெட்டா. ஒற்றை அறைக்குள் முழுக் குடும்பம், கப்பல்துறை வாசலில் அன்றைய கூலிக்கு முண்டியடிக்கும் ஆண்கள், விடிய விடியத் துணி தைக்கும் பெண்கள். கைநீட்டியவருக்கெல்லாம் காசு கொடுப்பதால் இது தீராது என்பதில் பார்னெட் உறுதியாக இருந்தார். பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்த பிறகு, 1883 நவம்பரில் ஆக்ஸ்போர்டு போய் மாணவர்களிடம் பேசினார். படிப்பை முடிக்கிறவர்கள் வைட்சேப்பலுக்கு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவதற்காக அல்ல, வாடகை கொடுத்து அக்கம்பக்கத்தாராகக் குடியிருக்க. இதுதான் அவர் கேட்டது.

மறு ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், வேலை முழுதும் முடியாத கட்டடத்தில் முதல் இருவர் படுத்துறங்கினார்கள். முந்தைய ஆண்டு முப்பது வயதில் இறந்துபோன பொருளியல் அறிஞர் ஆர்னால்டு டாயின்பியின் நினைவாக அதற்கு டாயின்பி ஹால் என்று பெயர். பல்கலைக்கழக மாணவர்கள் ஏழைகளின் நடுவில் போய்த் தங்கிச் சேவை செய்யும் வழக்கம் இங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. 1888-ல் வந்து பார்த்த ஜேன் ஆடம்ஸ், மறு ஆண்டே சிகாகோவில் ஹல் ஹவுஸைத் தொடங்கினார். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்.

நான் இதே வைட்சேப்பல் பகுதியில், முதியோருக்கு மதிய உணவு போடும் ஒரு கூடத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். சமூகக் கொள்கையில் முதுகலைப் படிப்பு. ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு விழுப்புரம் திரும்ப வேண்டும். சாப்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்து, தையல் தொழிற்கூடங்களில் முதுகு ஒடிந்தவர்கள். பார்னெட் காலத்தில் அதே தெருக்களில் தைத்தவர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். அவர்களுக்கும் முன்னால் பிரான்சிலிருந்து தப்பி வந்த ஹியூகனோ என்ற புராட்டஸ்டன்ட் நெசவாளர்கள். பிரிக் லேனில் 1743-ல் ஹியூகனோக்கள் கட்டிய ஆலயம், பிறகு யூதர் ஜெபக்கூடமாக இருந்து, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது.

“படிப்பு முடியப்போகிற நேரத்தில் வெங்காயம் நறுக்கப் போகிறாயே, வேலை தேட வேண்டாமா?” என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி. டாயின்பி ஹாலில் தங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் படிக்க வைத்தது அதுதான்.

சார்லஸ் பூத் 1886-ல் லண்டனின் வறுமையைக் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, டாயின்பி ஹாலில் தங்கியிருந்த சிலர் அவருக்குத் துணை நின்றார்கள். தெருத் தெருவாக எடுத்த அந்தக் கணக்கில் லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர். தெருக்களுக்கு வண்ணம் தீட்டி வரைபடமும் போட்டார்கள். வசதியானவர்களுக்கு மஞ்சள், அடிமட்டத்துக்குக் கறுப்பு. அந்தக் குறிப்பேடுகள் லண்டன் பொருளியல் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. ஏழை சோம்பேறி, குடிகாரன் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கூலி குறைவும் நிலையற்ற வேலையும் நோயும் முதுமையும்தான் பெரும்பாலோரை வீழ்த்துகின்றன என்று எண்களால் காட்டியது பெரிய காரியம்.

1898-ல் ஏழைகளுக்கு இலவசச் சட்ட ஆலோசனை டாயின்பி ஹாலில் தொடங்கியது. 1903-ல் துணைக் காப்பாளராக வந்த வில்லியம் பெவரிட்ஜ், கப்பல்துறைத் தொழிலாளருக்கு ஏன் ஒருநாள் வேலை இருக்கிறது, மறுநாள் இல்லை என்று ஆராய்ந்தார். அதன் தொடர்ச்சியாக 1910-ல் பிரிட்டன் முழுக்க அரசு வேலைவாய்ப்பு நிலையங்கள் திறந்தன. நம்மூரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வந்ததும் ஓடிப்போய்ப் பதிகிறோமே, அந்த மாதிரி அலுவலகங்கள். 1942-ல் சமூகக் காப்பீட்டு அறிக்கையை எழுதியவரும் இதே பெவரிட்ஜ்தான். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிரதமர் கிளெமென்ட் அட்லி, இளமையில் டாயின்பி ஹாலின் செயலாளராக இருந்தவர். 1948 ஜூலை 5-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. எங்கள் கூடத்துக்கு வரும் பாட்டிகள் காசில்லாமல் மருத்துவரைப் பார்ப்பது அதனால்தான்.

குறைகளும் இருந்தன. பசித்தவனுக்கு பார்னெட் தம்பதி ஓவியக் கண்காட்சி வைத்த மேட்டிமை எனக்கு உறுத்துகிறது. அந்தக் கண்காட்சிகளிலிருந்து 1901-ல் வைட்சேப்பல் கலைக்கூடம் பிறந்தது என்றாலும் உறுத்துகிறது. ஹென்ரியெட்டா இல்லாமல் டாயின்பி ஹால் இல்லை. ஆனால் அங்கே தங்கும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பெண்கள் 1887-ல் தேம்ஸுக்குத் தெற்கே சதர்க்கில் தங்களுக்கென்று ஓர் இல்லம் அமைத்துக்கொண்டார்கள். நான் அன்று வந்திருந்தால் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

வைட்சேப்பலுக்குக் கிழக்கே பௌ பகுதியில், மியூரியல் லெஸ்டரும் தங்கை டோரிஸும் 1915-ல் தொடங்கிய கிங்ஸ்லி ஹால் இருக்கிறது. 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, பணக்கார விடுதிகளைத் தவிர்த்து அங்கேதான் தங்கினார். அந்தக் காந்தியின் நூற்றாண்டில், 1969-ல், இந்தியா நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கொண்டுவந்தது. என்எஸ்எஸ் என்றால் நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆண்டுக்கு 120 மணி நேரம், கிராமத்தில் ஏழு நாள் முகாம். நானும் போனேன். கோயில் குளத்தில் முள்செடி வெட்டினோம், மரக்கன்று நட்டோம். அந்த ஊரில் பத்தாம் வகுப்போடு எத்தனை பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று எங்களை யாரும் கேட்கச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் என்எஸ்எஸ் அலுவலர்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அடுத்த முகாமில் ஒரு நாளை மண்வெட்டி இல்லாமல் விடுங்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேசட்டும், கேட்டதை எழுதட்டும். அதை ஊராட்சி மன்றத்தின் முன் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.