அரக்கின் பெயரும் ஈயத்தின் தூசும்

அரபு மொழியில் 'லக்' என்றொரு சொல் உண்டு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி கசியவிடும் சிவந்த பிசினுக்கு அது பெயர். வடமொழியில் 'லாக்ஷா' என்பதும், தமிழில் நாம் அரக்கு என்பதும் அதே பொருளைத்தான். வணிகர்களின் மரக்கலங்களில் சரக்கோடு சொல்லும் ஏறி மேற்கே சென்றது. போர்த்துக்கீசியரிடம் 'லாக்கா' ஆயிற்று. ஆங்கிலேயரிடம் 'லாக்கர்' ஆயிற்று. இன்று மோட்டார் பட்டறைக்காரர்கள் லாக்கர் என்று கேட்டு வாங்கும் டப்பாவில் அரக்கு பெரும்பாலும் ஒரு துளியும் இராது. பெயர் மட்டும் ஊர் திரும்பியிருக்கிறது.

கிதாபுகளோடு காலம் கழிக்கும் நமக்கு இந்த ஆராய்ச்சி ஏன் வந்தது என வாசகர்கள் வியக்கக்கூடும். நம் மாமனார் மர்ஹூம் அவர்கள் 1960-களில் வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று, அவர்களின் மறைவுக்குப் பின் பல்லாண்டுகளாகக் கொட்டகையில் கிடந்தது. 2014-இல் அவ்வகைக் காரின் உற்பத்தியே நின்றுபோனதும், அதைப் பழையபடி புதுக்கவேண்டும் என்ற ஆசை நம் மைத்துனருக்கு வந்தது. வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். "மச்சான், நீங்கதானே எழுத்தெல்லாம் படிக்கிற ஆளு. எந்த பிரைமர், எந்த பெயிண்ட்டுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று நம்மிடம் பொறுப்பையும் ஒப்படைத்தார். இல்மை மதிக்கும் குடும்பத்தில் இப்படியும் ஒரு சோதனை வரும்.

கார்கள் தோன்றிய காலத்தில் அவற்றுக்கு வண்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிகளுக்குப் பூசிய அதே தொழிலாளிகள். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணத்தைத் தூரிகையால் தீட்டிக் காயவிட்டு, தேய்த்து, மீண்டும் தீட்டி, மேலே வார்னிஷ் பூசி முடிக்கப் பல வாரங்கள் செல்லும். காயும்வரை தூசு படியாமல் காக்கவும் வேண்டும். 1908-இல் ஹென்றி ஃபோர்ட் தம் டி மாடல் காரை வெளியிட்டபோது அதில் பல நிறங்கள் இருந்தன. 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றே என்றாயிற்று. அக்கறுப்பு, கீல் போன்ற நிலக்கரும்பிசினைச் சேர்த்துச் செய்த பூச்சு. அதை அடுப்பறையில் சூடேற்றி விரைவில் இறுகச் செய்தார்கள். சிறு பாகங்களைப் பூச்சுத் தொட்டியில் முக்கியே எடுத்தார்கள். விலையும் மலிவு, உழைப்பும் நெடிது. அழகுக்காக அன்று, அவசரத்துக்காக வந்த கறுப்பு அது.

நிறங்களைத் திருப்பித் தந்தது வெடிமருந்து. 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியலறிஞர் பஞ்சை அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். முதலாம் உலகப் போர் முடிந்ததும், அதைச் செய்து பழகிய அமெரிக்க ஆலைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. அப்பஞ்சைக் கரைத்துப் பூச்சாக்கும் முயற்சி முன்பே உண்டு. ஆனால் போதிய அளவு கரைத்தால் கரைசல் பாகுபோல் இறுகிவிடும், நீர்க்கச் செய்தால் பூச்சு மெலிந்துவிடும். 1920-ஐ ஒட்டி டூபாண்ட் ஆய்வாளர்கள் அந்த இறுக்கத்தைக் குறைக்கும் வழியைக் கண்டார்கள். 1923-இல் 'டியூகோ' என்ற பெயரில் அது வெளிவந்தது. 1924-க்குரிய ஓக்லண்ட் கார்கள் அதன் நீல நிறத்தோடு விற்பனைக்கு வந்தன. வாரக்கணக்கில் காய்ந்தது மணிக்கணக்கில் காய்ந்தது. நம் நாட்டிலோ டியூகோ என்பது ஒரு நிறுவனத்தின் சரக்குப் பெயர் என்பதே மறந்து, பீரோவுக்கும் சைக்கிளுக்கும்கூட 'டூக்கோ' அடிப்பதாகச் சொல்லும் பொதுச்சொல்லாகிவிட்டது. அதைத் தெளிக்கும் துப்பாக்கியின் பூர்வீகமும் விந்தையானது: டிவில்பிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்கச் செய்த சிறு கருவியே அதன் மூதாதை.

இதற்குச் சற்றுப் பின் வந்தது அல்கிட் இனாமல். ஆல்கஹால், ஆசிட் என்ற இரு சொற்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது. ஆல்கஹாலோ நம் 'அல்குஹ்ல்'. கண்ணுக்கு இடும் சுர்மாத் தூள். மிக நுண்ணிய தூளைக் குறித்த சொல், ஒரு பொருளின் சாரத்தைக் குறிக்கலாகி, பிற்காலத்தில் சாராயச் சத்துக்கே பெயராயிற்று.

பளபளப்பைப் பற்றி இவ்வளவு எழுதினோம். உண்மையில் காரின் ஆயுள் அடிப்பூச்சில் இருக்கிறது. நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதைக் கண்ணால் காணலாம். இரும்பைக் காக்க முன்னோர் நம்பியது ஈயச் செந்தூரம், அதாவது ரெட் லெட். அரபியில் 'ஸர்கூன்', ஸ்பானிய மொழியில் அச்சொல் இன்னும் 'அஸர்கோன்' என வழங்குகிறது. ஆளிவிதை எண்ணெயோடு சேர்ந்து துருவைத் தடுப்பதில் அதற்கு நிகராகச் சொல்லத் தக்கவை சிலவே. ஆனால் ஈயம் நஞ்சு. 1921-இலேயே ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கை செய்தது. நம் நாட்டில் வீட்டுப் பூச்சுகளில் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. அதற்கும் பல்லாண்டு முந்தைய காரின் பூச்சில் என்னென்ன இருக்கும்? அடிப்பூச்சில் மட்டுமல்ல, மஞ்சள், சிவப்பு நிறப்பொடிகளிலும் ஈயக் குரோமேட் கலந்த காலம் அது.

இவ்விடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் முற்றம் நம் நினைவுக்கு வந்தது. மைத்துனர் மூன்று நாட்களாக உலர்வாகத் தேய்த்திருந்தார். கதவின் அடியில் செந்நிற அடுக்கொன்று தெரிந்தது. அது ஈயச் செந்தூரமா, தீங்கில்லாத இரும்புச் செங்காவியா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல நம்மால் இயலவில்லை. மூன்று வயதுப் பேரப்பிள்ளை அதே முற்றத்தில் தவழ்ந்தும் ஓடியும், மண் படிந்த விரலை வாயில் வைத்தும் விளையாடிக்கொண்டிருந்தான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். சிறிதளவே ஆயினும் பாதிக்கும். அன்றே வேலையை நிறுத்தினோம். முற்றத்தைப் பெருக்காமல், ஈரத் துணியால் பலமுறை துடைத்தெடுத்தோம். காரைத் தென்னந்தோப்புக் கொட்டகைக்குத் தள்ளிச் சென்று, அங்கே தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தாளால், தூசு எழாமல் தேய்க்கச் செய்தோம். வேலை உடுப்பு வீட்டுக்குள் வரலாகாது என்றோம். பிள்ளையின் இரத்தத்தைப் பரிசோதித்து முடிவு வரும்வரை வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. அஞ்சும்படி ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார், அல்ஹம்துலில்லாஹ்.

இரும்பு வெளுத்தபின் எப்பாக்ஸி பிரைமர் என்று முடிவாயிற்று. இரு கலவைகளைச் சேர்த்து அடிப்பது. இரும்பை விடாமல் பற்றும், ஈரத்தை உள்ளே விடாது. பள்ளங்களுக்குப் பட்டி பார்ப்பது அதன் மேல்தான். மேற்பூச்சில்தான் வாக்குவாதம். இக்காலத்தில் பலரும் விரும்புவது, கடினமாக்கும் மருந்து கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் கண்ட வேதியியல் அது. வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. ஆனால் அம்மருந்து ஐசோசயனேட் வகை. 1984-இல் போபாலில் கசிந்தது வேறொரு பொருள் என்றாலும் அதே வேதியியல் குடும்பம். நெடி தெரியுமுன்னரே நுரையீரலைத் தீண்டி, தீராத ஆஸ்துமாவைத் தரவல்லது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகக்கவசமின்றி அடிக்கலாகாது. கடைக்காரர் ஒருவரோ, கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்றார்! வீட்டில் அடிப்பவர்க்கு அது வேண்டாம் என்பதே நம் கருத்து. மைத்துனர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு இசைந்தார். பழைய டூக்கோவே என்றாயிற்று. அதன் தின்னரும் தீப்பற்றும், அதற்கும் வடிகட்டியுள்ள கவசம் வேண்டும். ஆயினும் தோப்பில் தூசும் பூச்சியும் ஒட்டுமுன் காய்ந்துவிடும்.

இனி நிறம். மேலிருந்த வெள்ளை, தின்னர் நனைத்த துணியில் கரைந்து வந்தது. ஆகவே அது லாக்கர். அதன் அடியில், கதவுக் கீலின் மறைவில் இருந்த முதல் அடுக்கு கரையவில்லை, ஆகவே இனாமல். அது பச்சையாகத் தெரிந்தது. மாமியோ, "நீலம்தான். ஜும்ஆவுக்கு உங்க மாமா அதிலேதான் போவாக" என்று அடித்துச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் சான்றா, நேரில் கண்டவரின் ரிவாயத்தா? எண்ணெய் கலந்த இனாமல் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும் என்றும், வெளிச்சத்தில் அது ஓரளவு தெளியும் என்றும் பிறகு அறிந்தோம். நீலத்தின் மேல் மஞ்சள் படிந்தால் பச்சைதானே! அப்பாகத்தைக் கழற்றி மாடிச் சன்னலில் ஒரு மாதம் வெயிலில் வைத்தோம். நீலம் தெளிந்தது.

அந்த நீலத்தையே கலந்து அடித்தோம். மழை விட்ட ஒரு காலையில் அவசரப்பட்டு இடக்கதவுக்கு அடித்ததில், பூச்சு காயும்போதே காற்றின் ஈரத்தை இழுத்துப் பால்போல் வெளுத்துவிட்டது. அதை மறுபடி தேய்த்து, தை மாதத்து நண்பகல் வெயிலில், மெதுவாகக் காயும் தின்னர் கலந்து அடித்து முடித்தோம். பானெட்டின் உட்புறத்தைத் தேய்க்கவில்லை. அங்கே பழைய பூச்சு அப்படியே இருக்கிறது.