நாக்ஸ் (குடும்பப்பெயர்)

நாக்ஸ்: ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பரவலான குடும்பப்பெயர். ஈழத்தில் இப்பெயரை நிலைநிறுத்தியவர் இலண்டனில் பிறந்த ரொபர்ட் நாக்ஸ் (1641–1720). கட்டைபறிச்சானை அடுத்துள்ள கொட்டியாரக்குடாவில், அவர் பயணித்த, புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' கப்பல் நங்கூரமிட்டிருந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் நாக்ஸையும், அதே பெயர் கொண்ட கப்பல் தலைவரான தந்தையையும் சிறைபிடித்தனர். மறு ஆண்டு தந்தை இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் அவரது இலங்கை வரலாற்று நூல் இலண்டனில் வெளியானது. கொட்டியாரக்குடாக் கரையிலுள்ள மூதூரில் அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடத்திலிருந்த புளியமரம் வெள்ளைக்காரன் மரம் எனப்பட்டது.

பெயரின் வேர் முடிவாகவில்லை. உருண்டைக் குன்றைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் 'க்னொக்' ஒரு சாத்தியம். அதே பொருளுடைய கேலிக் மொழிச் சொல் 'க்னொக்' மற்றொன்று. ஒலியும் பொருளும் இவ்வளவு ஒத்திருப்பதால், ஆங்கிலம் அதைக் கெல்டிக் மொழிகளிடம் கடன்பெற்றதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்கொட்லாந்துக் குடும்பங்கள் பல ரென்ஃப்ரூஷைரில் உள்ள நிலப்பெயரிலிருந்து இதைப் பெற்றன என்பது வலுவான விளக்கம். ஆயினும் எல்லா நாக்ஸ்களையும் ஒரே குன்றிலிருந்து இறக்குவது தவறு; குன்றடியில் குடியிருந்த எவருக்கும் இப்பெயர் தனித்தனியே அமைந்திருக்கலாம். ஈற்று 'ஸ்' பன்மையா, உடைமை உருபா என்பதும் தெளிவில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் (Knox) முதலெழுத்தான K-இன் 'க்' ஒலி, ஆங்கிலப் பேச்சில் பதினேழாம் நூற்றாண்டளவில் தேய்ந்து மறைந்தது. எழுத்தில் மட்டும் நிற்கிறது.